நிறைந்து வந்த கேன்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டால் எப்படி நடந்தது என்பதை நிதானமாகச் சொல்லலாம்.

1. ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் சரோஜா என்ற பெண் பால் வெட்டிக்கொண்டிருந்தார். மூன்று வகை மாத்திரை விழுங்கியும் அவருக்குப் பிரஷர் இறங்கவில்லை. கால் சோர்ந்து மலையில் விழ ஆரம்பித்தார்.

2. தோட்டத்தில் அவருடைய மரங்களை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, அவரைப் புல் வெட்ட அனுப்பினார்கள்.

3. நோயின் வேர் ஒரு சுரப்பியில் இருக்கலாம் என்று எங்கள் டொக்டர் சந்தேகித்தார். அதைச் சோதிக்க, ஒரு பகலும் ஓர் இரவும் சரோஜா கழிக்கும் சிறுநீர் முழுவதையும் ஒரு கேனில் சேர்த்துத் தரச் சொன்னோம்.

4. கேன் வந்தது. கழுத்துவரை நிறைந்து வந்தது.

5. அதற்குள் இருந்தது ஒருவருடையது அல்ல.

ஐந்தாவதை எழுதித் தரும்படிதான் எங்கள் பழைய ஆய்வுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கேட்டார்கள். இப்போது ஆரம்பிக்கும் புதிய ஆய்வில் கேன் கிடையாது. ஒரு குழாய் இரத்தம் போதும். அலுமாரியைத் துப்புரவு செய்தபோது பழைய கேன்கள் அடுக்கடுக்காக இருந்தனவாம். அவை எதற்கு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருத்தி அதில் மணிப்பிளான்ட் வைக்கலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறாள். அந்தக் கட்டத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். "ஓய்வு பெற்ற அக்கா" என்று அறிமுகப்படுத்தினார்கள். எனக்கு வயது முப்பத்து மூன்று. ஆய்வு வேலையில் ஓய்வு பெறும் வயது என்று ஒன்று கிடையாது. நிதி தீரும் நாள்தான் உண்டு. எங்களுடையது தீர்ந்தது, நான் ஓய்வு பெற்றேன். இப்போது எஹலியகொடையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் மற்றவர்களுடைய சீனி அளவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

படித்த காலத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படித்தேன், தேறினேன், வேலையில் சேர்ந்தேன். படித்ததில் பாதியை முதல் வாரத்திலேயே மறக்கச் சொன்னார் டொக்டர் நோனா.

டொக்டர் நோனாவைப் பற்றிச் சொல்லாமல் இந்த வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. சுரப்பி நோய்களில் நிபுணர். கேகாலைப் பக்கத்துச் சிங்களப் பெண்மணி; நோனா என்றால் சிங்களத்தில் அம்மணி. தோட்டத்து மக்களோடு அவர்களுடைய மொழியில்தான் பேச வேண்டும் என்று முடிவு செய்து, நாற்பது வயதுக்கு மேல் புத்தகம் வைத்துத் தமிழ் படித்தவர். புத்தகத்தில் படித்ததால் புத்தகம் போலவே பேசுவார். "தாங்கள் நேற்றிரவு நன்றாக உறங்கினீர்களா?" என்று கேட்பார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பாவம், நோனாவுக்கு ஏன் சிரமம் என்று சரளமான சிங்களத்தில் பதில் சொல்வார்கள். அவர் விடமாட்டார், அடுத்த கேள்வியையும் தமிழிலேயே கேட்பார். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம் என்று கிளினிக் நடக்கும். மொழிபெயர்ப்பும் என் வேலைகளில் ஒன்று. நான் நடுவில் சும்மா நிற்பேன்.

அவர் யாரையும் திட்டிப் பார்த்ததில்லை. பிழை செய்தவர் சொல்லும் காரணத்தை முழுவதும் கேட்பார். கேட்டுவிட்டு "சரி, பிறகு?" என்பார். காரணத்துக்குப் பிறகு சொல்வதற்கு யாரிடமும் எதுவும் இருக்காது. திட்டியிருந்தால் அழுதுவிட்டாவது போகலாம்.

அவர் வைத்திருந்த சட்டங்களில் முதலாவது: "முதல் கேன் உன்னுடையது." புதிதாகச் சேரும் யாராக இருந்தாலும், ஒரு நோயாளியிடம் கேனை நீட்டுவதற்கு முன்னால் தன்னுடையதை ஒரு நாள் முழுக்கச் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். நான் என்னுடையதை ஒரு புடவைக்கடைப் பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். கண்டக்டர் பையைத் தூக்கி மேலே வைக்கப் போனார். வேண்டாம் என்று பறித்துக்கொண்டேன்.

"என்ன நங்கி, கித்துல் பாணியா?" என்று, தங்கச்சி முறை வைத்துச் சிங்களத்தில் கேட்டார்.

கித்துல் பனையின் பாகு என்று நினைத்துவிட்டார். ஆம் என்று தலையாட்டினேன். போத்தல் என்ன விலை என்று கேட்டார்.

அந்த ஒரு பயணத்தில் கற்றது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ஒரு மனிதரிடம் எவ்வளவு பெரிய காரியத்தைக் கேட்கிறோம் என்பது கேனைச் சுமந்தவருக்குத்தான் தெரியும்.

இனி சுரப்பியைப் பற்றி. இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி கவிழ்த்ததுபோல ஆளுக்கொரு அட்ரீனல் சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து வரும் ஹோர்மோன்களில் ஒன்று அல்டோஸ்டிரோன். "உப்பை வெளியே விடாதே" என்று சிறுநீரகத்துக்குச் சொல்வது அதன் வேலை. எப்போது சொல்ல வேண்டும் என்று அதற்குக் கட்டளை தருவது ரெனின் என்ற இன்னொன்று. தோட்டத்துப் பெண்களுக்கு நான் இப்படி விளக்குவேன்: ரெனின் தோட்டத்துத் துரை, அல்டோஸ்டிரோன் அவருக்குக் கீழே கங்காணி. உடம்பில் உப்பும் பிரஷரும் குறைந்தால் துரை சத்தம் போடுவார், கங்காணி வேலை வாங்குவார். போதிய உப்பு சேர்ந்ததும் துரை அமைதியாவார், கங்காணியும் வாயை மூட வேண்டும். சிலருடைய உடம்பில் துரை பங்களாவில் தூங்கினாலும் கங்காணி கத்திக்கொண்டே இருப்பார். உப்பு தேங்கும், பிரஷர் ஏறும். பதிலுக்குப் பொட்டாசியம் வெளியேறும், தசைகள் சோர்ந்துவிடும்.

தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் எல்லாவற்றிலும் இந்த விளக்கம் உடனே புரிந்தது. கங்காணிமார் மட்டும் ரசிக்கவில்லை.

இரத்தம் எடுப்பதற்கும் முறை உண்டு. நோயாளி காலையில் எழுந்து நடமாடிய பிறகு வர வேண்டும். வந்ததும் குத்தக் கூடாது. கதிரையில் அமைதியாக உட்காரவைக்க வேண்டும். கையில் பட்டியை இறுக்கிக் கட்டிவிட்டு "மூடுங்க, திறங்க" என்று கையைப் பிசைய வைக்கக் கூடாது. பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். முக்கியமாக, ரெனின் பார்க்கும் இரத்தத்தை ஐஸில் வைக்கக் கூடாது. நாங்கள் கல்லூரியில் எதையும் ஐஸில் வைக்கப் பழகியவர்கள். "குளிரில் எல்லோரும் உறங்குவார்கள். உறங்கிக்கொண்டிருக்கும் ரெனின் மட்டும் விழித்துக்கொள்ளும்" என்பார் டொக்டர் நோனா. நான் மறக்கும்படி சொல்லப்பட்ட பாதியில் அந்த ஐஸ் பெட்டியும் ஒன்று.

சரோஜாவின் இரத்தத்தை இந்த முறைப்படியெல்லாம் எடுத்துப் பார்த்தோம். துரை நல்ல தூக்கம். கங்காணி உச்சக் குரலில்.

சரோஜா என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டார். பேசினால் மரத்தைப் பற்றித்தான் பேசுவார். பால் வெட்டும் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு துண்டு மரங்கள் உண்டு. நாளும் ஒரே கை வெட்டும் மரம் அந்தக் கைக்குப் பழகிவிடும் என்பது அவருடைய கட்சி.

"இப்ப வெட்டுற ஆளு பட்டைய ஆழமா வெட்டுறான் மிஸ். எலும்புல படுது. மரம் காஞ்சிரும்" என்றார். மரத்துக்கு எலும்பு உண்டா என்று நான் கேட்கவில்லை. இலை உதிர்ந்து தளிர்த்த பிறகு தோட்டத்தில் மரங்களைத் திரும்பவும் பிரித்துக் கொடுப்பார்கள். அதற்குள் சரோஜா மலை ஏறக்கூடியவராக இருந்தால் அவருடைய மரங்கள் அவருக்கு. இல்லாவிட்டால் பெயர் நிரந்தரமாகப் புல்வெட்டுகிறவர்களோடு போய்விடும். கங்காணி அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

அடுத்த சோதனை, கங்காணியின் வாயை மூடப் பார்ப்பது. சில நாள் உப்பு மாத்திரை கொடுப்போம். உடம்பு நிறைய உப்பு சேர்ந்ததும் அல்டோஸ்டிரோன் அடங்க வேண்டும். அடங்கியதா என்று கடைசி நாள் சிறுநீரில் பார்ப்போம். அதற்காகத்தான் கேன். லயத்தில் அவருடைய வீட்டுக்கே போய், வேலைக்கு லீவு போடச் சொல்லிவிட்டுக் கொடுத்தேன்.

"எல்லாத்தையுமா மிஸ்?" என்றார் சரோஜா.

"எல்லாத்தையும். காலையில முதல்ல போறதை மட்டும் வெளிய விட்டுடுங்க. பிறகு ஒரு சொட்டு விடக் கூடாது. மறுநாள் விடியக்காலையில போறதும் கேனுக்குள்ள."

பக்கத்துக் காம்பராவில் இருக்கும் லெட்சுமி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல உயரமும் பருமனுமான பெண். அந்த லயத்தின் வாய் அவர்தான். "இந்த ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு எதுதான் வேணாம்? ரத்தம் எடுத்தீங்க. இப்ப இது. அடுத்த மாசம் எங்க கண்ணீரையும் போத்தல்ல கேப்பீங்க."

"கண்ணீர் கொஞ்சமாத்தானே வரும் அக்கா. போத்தல் நிறையாது."

"அதுக்கென்னா, ஆள் சேத்துத் தாறோம்" என்றார்.

நான் சிரித்துவிட்டு பஸ் பிடிக்கப் போனேன்.

கேனுக்கான அறிக்கை வந்த நாள். அல்டோஸ்டிரோன் அளவு எக்கச்சக்கம். அதை மட்டும் பார்த்தால் நோய் உறுதி. கொழும்புக்கு அனுப்பலாம், தேவைப்பட்டால் ஒப்பரேஷனும் செய்யலாம். ஆனால் டொக்டர் நோனா எந்த அறிக்கையிலும் முதலில் பார்ப்பது ஹோர்மோனை அல்ல, கிரியேட்டினினை. அது தசையிலிருந்து வருவது. ஓர் உடம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரே அளவு கிரியேட்டினினை வெளியேற்றும். கேனில் அது குறைவாக இருந்தால், எங்கேயோ கொஞ்சம் தவறவிட்டிருக்கிறார் என்று பொருள். குறைவு நாங்கள் அடிக்கடி பார்ப்பது; இதில் அது கூடியிருந்தது.

பென்சிலால் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார்.

"இந்தப் பெண்மணி பளுதூக்கும் போட்டிகளில் பங்கேற்பவரா?"

"இல்லை மெடம். நிறுத்துப் பார்த்தால் ஒரு மூட்டை அரிசிக்கு மேல் வரமாட்டார்."

"அப்படியாயின் வேறு எவரோ பங்கேற்றிருக்கிறார்கள்." தாளின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "இதை வைத்துக்கொண்டு நான் எவருடைய வயிற்றையும் திறக்கமாட்டேன். பிறகு?"

"பிறகு, நான் போய்க் கேட்கிறேன்."

நான் போனபோது லயத்தில் எல்லோரும் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த நேரம். சரோஜா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அவருடைய கணவர் யோகன் வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் லெட்சுமியும் வந்துவிட்டார். யாருடையது என்று நேரே கேட்க முடியாமல், வழியெல்லாம் யோசித்துவைத்த பணிவான கேள்வியைக் கேட்டேன்.

"அக்கா, கோவிக்காதீங்க. கேனுக்குள்ள தண்ணி ஏதாவது கலந்துச்சா?"

சரோஜா தலையைக் குனிந்துகொண்டார். பதில் லெட்சுமியிடமிருந்து வந்தது.

"தண்ணியா? எங்களப் பாத்தா தண்ணி ஊத்துற ஆளுங்க மாதிரியா தெரியுது? பால்ல ஒரு சிரட்டை தண்ணி கலந்தாலே கணக்கப்பிள்ளை மெட்ரோலாக்க மிதக்கவிட்டுப் புடிச்சிர்றாரு. நீங்க அவரவிட எவ்வளவு படிச்சவங்க! புடிக்காம விடுவீங்களா? அதான் தண்ணி ஒரு சொட்டு சேக்கல. எல்லாம் சுத்தமான சாமான்."

பால் எவ்வளவு கெட்டி என்று காட்டும் மிதவைக் கோல்தான் மெட்ரோலாக். அதை ஏமாற்ற முடியாது என்று இவர்களுக்குத் தெரியும். ஆகவே எங்களையும் ஏமாற்ற நினைக்கவில்லை.

"சுத்தமான சாமான், சரி. யாரு சாமான்?"

கத்தி தீட்டும் சத்தம் நின்றது.

விஷயம் இதுதான். சரோஜா லீவு போடவில்லை; போட்டால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். கேனை வீட்டில் வைத்துவிட்டுப் புல் வெட்டப் போயிருக்கிறார். ஆம்பிளைகள் நிற்கும் மலைக்கு யார் கேனைத் தூக்கிக்கொண்டு போவது? மலையில் போனது மலையோடு போயிற்று. வீட்டுக்கு வந்து கேனைப் பார்த்து அழுதிருக்கிறார்.

"ஒரு சொட்டு விடக் கூடாதுன்னு மிஸ் சொன்னாங்களே, இப்ப எனக்கு வைத்தியமே இல்லைன்னு அழுவுறா" என்றார் லெட்சுமி. "கொறைஞ்ச ஆளுக்குக் கை குடுக்குறது இல்லையா நாங்க? அதான் ஈடு கட்டினோம்."

தோட்டம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு இவ்வளவு பால் என்று ஓர் அளவு உண்டு. கொண்டுவந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். உடம்பு முடியாத ஒருத்தியின் வாளி குறைந்திருந்தால், நிறுக்கும் இடத்துக்கு வருவதற்கு முன்னால் கூட வருபவள் தன் வாளியைக் கொஞ்சம் சாய்ப்பாள். அந்த நேரத்தில் கங்காணிக்கு மழை வருமா என்று வானத்தைப் பார்க்கத் தோன்றும். அது களவு அல்ல, கை கொடுப்பது. இன்றைக்கு அவளுக்கு, நாளைக்கு இவளுக்கு.

"நீங்க எவ்வளவு அக்கா?"

"நான் ரெண்டு தரம்."

"பிறகு?" டொக்டர் நோனாவின் சொல் என் வாயிலிருந்து தானாக வந்தது.

"பிறகு பாத்தா இன்னமும் கழுத்துக்கு வரல. யோகன் தம்பி..."

"என் பேர எதுக்கு அக்கா இழுக்குறீங்க?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

"நீ குடுத்ததத்தானே சொல்றேன்! ரெண்டு கோப்பை தேத்தண்ணி குடிச்சிட்டுப் போய்க் குடுத்தான் மிஸ். பொண்டாட்டி மேல அம்புட்டுப் பாசம்."

நான் சுவரில் மாட்டியிருந்த கலண்டரைக் கொஞ்ச நேரம் கவனமாகப் பார்த்தேன். முகத்தை ஒருவாறு சரிசெய்துகொண்டு திரும்பினேன். "எங்ககிட்டயும் ஒரு மெட்ரோலாக் இருக்கு அக்கா. அது தண்ணிய மட்டுமில்ல, ஆளையும் காட்டும்."

"ஆளையுமா? பேரோடயா?"

"பேர் காட்டாது. உடம்பு எவ்வளவு பெருசுன்னு காட்டும்."

எல்லோரும் லெட்சுமியைப் பார்த்தார்கள்.

"நான் ரெண்டே தரம்தான்!" என்றார் லெட்சுமி.

யோகனும் சிரித்தார். சரோஜா மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஓய்ந்த பிறகு என்னிடம், "உங்க லிஸ்ட்ல என் பேர வெட்டிருங்க மிஸ்" என்றார்.

"எதுக்கு?"

"டொக்டர் நோனாவுக்குப் பொய் குடுத்த மாதிரி ஆயிருச்சு. அந்த உப்பத் தின்ன நாள்ல மண்டை வெடிக்கிற மாதிரி இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல. இன்னொரு தரம் என்னால முடியாது. புல்லே வெட்டிட்டுப் போறேன்."

பஸ்ஸுக்கு நடக்கும்போது அவரும் பாதி தூரம் வந்தார். வழியில்தான் அவருடைய மரங்கள். அந்த இடம் வந்ததும் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார். நான் பார்த்தேன். பட்டையில் வெட்டு கோணலாகத்தான் இறங்கியிருந்தது. தொழில் தெரியாத எனக்கே தெரிந்தது.

டொக்டர் நோனாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். யோகனின் இரண்டு கோப்பைத் தேத்தண்ணியையும் விடவில்லை. அவர் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். "சரி, பிறகு?" என்று இந்த முறை அவர் கேட்கவில்லை. "எனது முறை. நான் வருகிறேன்" என்றார்.

அடுத்த தோட்டக் கிளினிக் நாளில் வேலை முடிந்ததும் நேரே லயத்துக்கு நடந்தார். சரோஜா கதிரை தேடி ஓடினார். அதற்குள் அவர் கவிழ்த்துவைத்திருந்த பால் வாளியில் உட்கார்ந்துவிட்டார். செய்தி வாசிக்கும் குரலில் ஆரம்பித்தார்.

"எனது முதலாவது கேனை எனது தாயார் கழுவிவிட்டார்."

ஒருவருக்கும் புரியவில்லை.

"உள்ளே இருந்ததை வெளியே கொட்டினார். சவர்க்காரம் இட்டுக் கழுவினார். வெயிலில் கவிழ்த்து வைத்தார். நல்ல கேன் மகளே, தேங்காய் எண்ணெய் ஊற்றலாம் என்று கூறினார்."

"ஊத்துனாங்களா நோனா?" லெட்சுமி சிங்களத்தை மறந்து தமிழில் கேட்டார்.

"ஊற்றினார்."

"சமைச்சாங்களா?"

டொக்டர் நோனா யோசித்தார். நான் கேட்டவரையில் அன்றுதான் முதல் தடவையாகத் தோற்றுப்போய்ச் சிங்களத்துக்கு மாறினார். "அனே, அதை மட்டும் நான் இன்றுவரை கேட்கவில்லை."

சரோஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு பொத்தாமலே சிரித்தார்.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து டொக்டர் நோனா வந்த காரியத்தைச் சொன்னார். இனி உப்பு மாத்திரை இல்லை, கேனும் இல்லை. ஆஸ்பத்திரி வாட்டில் கதிரையில் உட்காரவைத்து, உப்புத் தண்ணீரை சேலைனாக மெதுவாக ஏற்றுவோம். முடிந்ததும் இரத்தம் எடுப்போம். "நான் அருகிலேயே இருப்பேன். பிரஷர் எல்லை தாண்டினால் நிறுத்திவிடுவேன். நிறுத்தினால் முடிவு கிடைக்காது. முடிவு கிடைத்தாலும் மரங்கள் கிடைக்கும் என்று நான் வாக்களிக்க முடியாது. மரம் தருவது கங்காணி. கால்களைத் திருப்பித் தருவதற்கு முயல்வது மாத்திரமே எனது வேலை."

சரோஜா முந்தானையை இழுத்துச் செருகினார். என்னைப் பார்த்து, "என்னைக்கு வரணும் மிஸ்?" என்றார்.

இடையில் பொட்டாசியம் பாணி மருந்து கொடுத்து இரத்தத்தில் அதன் அளவைச் சரிசெய்தோம். பொட்டாசியம் குறைந்த உடம்பில் அல்டோஸ்டிரோன் தணிந்து காட்டும்; சோதனை பொய்யாகிவிடும். "இதுக்கு உப்பே தேவல" என்றபடி சரோஜா குடித்தார்.

சோதனை நாளில் லெட்சுமியும் துணைக்கு வந்தார். வாட்டு வாசலில் டொக்டர் நோனா அவரை நிறுத்தினார். "இம்முறை தாங்கள் எந்தவித உதவியும் புரியக் கூடாது."

"ஊசிக்குள்ள நான் என்னத்த நோனா ஊத்துறது?" என்றார் லெட்சுமி.

சரோஜாவைக் கட்டிலில் படுக்கவிடவில்லை, கதிரையில் உட்காரவைத்தோம். படுத்திருப்பதைவிட உட்கார்ந்திருக்கும்போதுதான் இந்தச் சுரப்பியின் பிடிவாதம் நன்றாகத் தெரியும். முதல் இரத்தத்தை எடுத்தேன். சேலைனைத் திறந்தோம். பிறகு காத்திருப்பதுதான் வேலை. பட்டியைக் கட்டு, காற்றை ஏற்று, எண்ணை எழுது, பட்டியைத் தளர்த்து. பாதிப் போத்தல் வரைக்கும் எண்கள் ஒழுங்காக இருந்தன. அதன் பிறகு ஏற ஆரம்பித்தன.

டொக்டர் நோனா எழுந்து வந்து சேலைன் குழாயின் சக்கரத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு திருகில் நிறுத்திவிடலாம். நான் மறுபடி அளந்தேன். இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது.

"தலைவலி உண்டா?"

சரோஜா இல்லை என்று தலையை ஆட்டினார். டொக்டர் நோனா அசையாமல் அவரையே பார்த்தார்.

"கொஞ்சம் இருக்கு" என்றார் சரோஜா. "நிப்பாட்டிராதீங்க நோனா."

"எல்லையைத் தாண்டவில்லை. தாண்டினால் நிறுத்துவேன். தாங்கள் மன்றாடினாலும் நிறுத்துவேன்."

லெட்சுமி எழுந்து வந்து சேலைன் போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த அளவு ஏறவில்லை. அதற்கடுத்ததும் ஏறவில்லை. ஏறின இடத்திலேயே நின்றது. டொக்டர் நோனாவின் விரல் சக்கரத்தை விட்டு இறங்கவே இல்லை. போத்தல் தீர்ந்து நான் கடைசி இரத்தத்தை எடுத்த பிறகுதான் கையை உதறிக்கொண்டார். விரல் மரத்துப்போயிருந்தது.

முடிவு வந்தது. அத்தனை உப்பு ஏற்றிய பிறகும் கங்காணி வாயை மூடவில்லை. துரை எழும்பவில்லை. நோய் உறுதி. இந்த முறை அதில் வேறு எவரும் பங்கேற்கவில்லை.

இனி எந்தப் பக்கத்துச் சுரப்பி என்று தெரிய வேண்டும். ஒரு பக்கம் என்றால் அதை எடுத்துவிடலாம். சரோஜா அதைத்தான் நம்பியிருந்தார். வெட்டி எடுத்தால் தீர்ந்தது. கொழும்புக்கு அனுப்பினோம். இரண்டு சுரப்பிகளிலிருந்தும் வெளியேறும் நாளங்களில் தனித்தனியாக இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கத்துவது ஒன்றல்ல, இரண்டும்.

"ரெண்டையும் எடுத்திர ஏலாதா?" என்று கேட்டார் சரோஜா.

ஏலாது என்று டொக்டர் நோனா விளக்கினார். இரண்டும் போனால் ஆளும் போய்விடுவார். சரோஜா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு நான் ஒரு புதிய மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். அந்த மாத்திரை கங்காணியை ஒன்றும் செய்யாது. அவர் கத்திக்கொண்டுதான் இருப்பார். சிறுநீரகத்தின் காதில் பஞ்சை வைத்துவிடும், அவ்வளவுதான்.

"நாங்க எல்லாரும் செய்யிறதுதானே" என்றார் யோகன்.

அதை ஆரம்பித்து, முன்பு குடித்த மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் குறைத்தோம். பிரஷர் இறங்கியது, ஒரேயடியாக அல்ல, பிடிவாதக்கார மனிதர் படி இறங்குவதுபோல நின்று நின்று இறங்கியது. பொட்டாசியம் பாணி தேவைப்படாமல் போயிற்று. மரங்கள் தளிர்க்கும் முன்பே சரோஜா கிளினிக் மேட்டை இடையில் நிற்காமல் ஏறி வந்தார். லெட்சுமி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு, "மெதுவாப் போடி, எனக்கும் உடம்பு இருக்கு" என்று கத்தினார்.

மரம் பிரித்த நாளில் நான் அங்கே இல்லை. சரோஜா தொலைபேசியில் சொன்னார். கங்காணி முதலில் ஏற்கவில்லை. டொக்டர் நோனா கொடுத்த கடிதத்தைப் பார்த்துவிட்டு, "கடுதாசி மலை ஏறுமா?" என்று கேட்டாராம். சரோஜா வாளியை எடுத்துக்கொண்டு எல்லோர் முன்னிலையிலும் மலை ஏறிக் காட்டிவிட்டு இறங்கியிருக்கிறார்.

இன்றைய நிலை இது. எங்கள் ஆய்வு முடிந்துவிட்டது. டொக்டர் நோனா வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போய், அங்கேயும் புத்தகத் தமிழில் நலம் விசாரித்துக்கொண்டிருக்கிறார். சரோஜா தினமும் காலையில் ஒரு மாத்திரை விழுங்குகிறார். ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும். கிளினிக்கில் மாத்திரை இல்லாத மாதத்தில் யோகன் டவுனுக்குப் போய் வாங்கிவருகிறார். பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் மலையில் விழவில்லை. சரிவின் கீழ்ப்பாதி மரங்கள் அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன. மேல்பாதி இன்னும் மற்ற ஆளிடம்தான் இருக்கிறது. அதைக் கேட்டு வாரம் ஒருமுறை கங்காணியோடு வாதாடுகிறார். மூச்சு வாங்காமல் வாதாடுகிறார்.